பூட்டிய கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி: கதவு திறக்குமா?

நார்த்தாமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேலமலை ஏறினால் விஜயாலய சோழீஸ்வரம். அதற்கு எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈஸ்வரம், மற்றொன்று 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் சமணர் குடகு. பழியிலி ஈஸ்வரத்தின் கருவறை சின்ன அறைதான். மூன்று பக்கமும் மலை, முன்னால் ஒரே வாசல். உள்ளே போனவர் வந்த வழியாகத்தான் வெளியே வர முடியும்.

1,100 வருடத்துக்கு முந்தைய அறையை எதற்கு இப்போது சொல்ல வேண்டும்? நாம் அன்றாடம் போய்வரும் பல கட்டடங்கள் அதே மாதிரிதான் இருக்கின்றன. வங்கிக் கிளை, பெண்கள் விடுதி, மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு, கருவூலம், சர்வர் அறை, கார்டு காட்டினால்தான் திறக்கும் அலுவலகம் என்று எதை எடுத்தாலும் பாதுகாப்புக்காக வாசலை ஒன்றாகக் குறைத்திருப்பார்கள். ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரு ஆள். திருடன் உள்ளே வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஒவ்வொரு ஏற்பாடும், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே போவதைத் தடுக்கும். இந்த முரண்பாட்டைத் தீர்த்து வைக்கிற வேலைதான் தீ எச்சரிக்கை அமைப்புக்கு. மேற்கூரையில் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொண்டு, சின்னதாக விளக்கு மினுக்கும் அந்தக் கருவியை அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள்.

கிராமத்தில் இது இன்னும் முக்கியம். நார்த்தாமலையில் தீப்பிடித்தால் வண்டி கீரனூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோதான் வரணும். புதுக்கோட்டை சுமார் 17 கிலோமீட்டர். பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டம் நேரத்தில் சாலை எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வந்து சேரும் வரைக்குமான அந்த நிமிடங்களில் உங்களைக் காப்பாற்றுவது மணியும் கதவும்தான்.

"கல் கட்டடம், காங்கிரீட் கட்டடம், என்ன எரியப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தபோது, அந்த வெப்பத்தில் கல் தூண்களும் கூரையும் வெடித்துச் சிதைந்தன. எரிவது உள்ளே இருக்கும் சரக்கு, சேதமாவது கட்டடம். உயிரை எடுப்பது பெரும்பாலும் நெருப்புகூட இல்லை, புகை.

ஏர்வாடியில் நடந்தது

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கே தங்கியிருந்த நோயாளிகளில் பெரும்பாலோரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓடிவிடக் கூடாது என்பதுதான் காரணம். 28 பேர் இறந்தார்கள். தீ எரிவது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, எழுந்து நகர முடியவில்லை. எச்சரிக்கை மணி எத்தனை நல்லதாக இருந்திருந்தாலும் அந்தச் சங்கிலிக்கு முன்னால் அதற்கு வேலை இல்லை.

உச்ச நீதிமன்றம் இந்தச் சம்பவத்தைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இன்றைக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. எங்கேயாவது அப்படி நடப்பதைப் பார்த்தால் அது குற்றம், புகார் செய்யலாம்.

ஏர்வாடியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். மக்களை உள்ளே வைத்துப் பூட்டுகிற எந்தக் கட்டடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. தீ என்று முதலில் தெரிந்துகொள்வது யார் அல்லது எது? தெரிந்த பிறகு பூட்டைத் திறப்பது யார் அல்லது எது?

மணிக்குப் பின்னால் என்ன இருக்கு?

முதல் கேள்விக்குப் பதில் டிடெக்டர். பரவலாக இருப்பது புகை டிடெக்டர். அதன் உள்ளே இருட்டான சின்ன அறையில் ஒரு ஒளிக்கதிர் ஓடும். புகை நுழைந்தால் ஒளி சிதறி, பக்கத்தில் இருக்கும் உணர்கருவியில் படும். உடனே செய்தி போகும். சமையலறையில் இதை வைத்தால் தாளிக்கிறபோதெல்லாம் மணி அடிக்கும். அதனால் அங்கே வெப்ப டிடெக்டர் வைப்பார்கள். அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி வெப்பம் ஏறினாலோ, வெப்பம் திடீரென்று வேகமாக ஏறினாலோதான் எழும். சர்வர் அறை, ஆவணக் காப்பறை போன்ற இடங்களில் இன்னொரு வகை உண்டு. மெல்லிய குழாய்கள் வழியாக அறைக் காற்றை இடைவிடாமல் உறிஞ்சிச் சோதித்துக்கொண்டே இருக்கும். வயர் சூடாகி நாற்றம் எடுக்கிற நிலையிலேயே அது கண்டுபிடித்துவிடும். விலை அதிகம், ஆனால் பூட்டிக் கிடக்கும் அறைக்கு அதுதான் சரி. ஆள் போய்ப் பார்க்காத இடத்தில் வேறு யார் மோப்பம் பிடிப்பது?

டிடெக்டர் முந்துவதற்கு முன் மனிதன் பார்த்துவிட்டால்? அதற்குத்தான் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் சிவப்புப் பெட்டி. "கண்ணாடியை உடைத்து அழுத்தவும்" என்று எழுதியிருக்கும். இதை அழுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மேனேஜரைத் தேடிப் போக வேண்டாம். தீயையோ புகையையோ கண்ணால் பார்த்தவர் யாராக இருந்தாலும் அழுத்தலாம்.

இந்தச் செய்திகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் கன்ட்ரோல் பேனல். பெரும்பாலும் காவலர் அறையிலோ நுழைவாயிலிலோ மாட்டியிருக்கும். பழைய வகை பேனல் "2-ஆம் மாடியில் ஏதோ ஒரு இடம்" என்று மட்டும் சொல்லும். புதிய வகையில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி முகவரி உண்டு. "2-ஆம் மாடி, பதிவேட்டு அறை, கதவருகே" என்றே திரையில் எழுத்து வரும். பூட்டிய அறைகள் நிறைந்த கட்டடத்தில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. எந்தச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று தெரிய வேண்டாமா?

பேனலில் மூன்று நிற விளக்குகளைக் கவனியுங்கள். பச்சை என்றால் மின்சாரம் சரியாக வருகிறது. சிவப்பு என்றால் தீ. மஞ்சள் என்றால் பழுது, அல்லது யாரோ ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு முறை ஒரு அலுவலகத்துக்கு, பெயர் வேண்டாம், சான்றிதழ் வாங்கப் போனேன். பேனலின் மேல் தினசரி காலண்டர் தொங்கியது. தாளைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் விளக்கு. "இது எப்பவுமே இப்படித்தான் எரியும் சார், அடிக்கடி கத்துதுன்னு ஆஃப் பண்ணிட்டோம்" என்றார் அங்கே இருந்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒட்டடையும் பூச்சியும் அடைத்த டிடெக்டர் சும்மா சும்மா மணி அடிக்கும். சுத்தம் செய்ய ஆள் வராது. நாலு முறை பொய்யாக அடித்த மணியை ஐந்தாவது முறை யாரும் மதிக்கமாட்டார்கள். மணி கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான், பராமரிப்பில்.

தூங்கும் இடங்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. வராந்தாவில் சத்தம் கேட்டால் போதாது. அறைக் கதவு மூடியிருக்கும்போது தலைமாட்டில் 75 டெசிபல் அளவுக்காவது கேட்கணும். காது கேளாதவர் தங்கியிருந்தால் மின்னும் விளக்கும் தேவை. விடுதியில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கும்போது சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்கிறோம். ராத்திரி மணி அடித்தால் அறைக்குள் கேட்குமா என்றும் கேளுங்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் பிரிட்ஜிலிருந்து பரவிய தீயில் இரண்டு பெண்கள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது பூட்டு விஷயம்

கார்டு காட்டித் திறக்கும் கதவுகளில் மேலே ஒரு நீளமான உலோகப் பட்டை பார்த்திருப்பீர்கள். அது மின்காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரை 250 கிலோவுக்கும் மேலான விசையில் கதவைப் பிடித்து வைத்திருக்கும். எத்தனை பேர் சேர்ந்து தோளால் இடித்தாலும் லேசில் அசையாது. ஆனால் மின்சாரத்தை வெட்டினால் அந்த நொடியே காந்தம் செத்துவிடும், கதவு திறந்துகொள்ளும். தீ எச்சரிக்கை பேனலிலிருந்து இந்தப் பூட்டின் மின் இணைப்புக்கு ஒரு வயர் போக வேண்டும். பேனலில் சிவப்பு விழுந்ததும் பூட்டு விடுபட வேண்டும். விதி எதிர்பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு வகைப் பூட்டு நேர்மாறானது. மின்சாரம் போனால் பூட்டியே இருக்கும். வெளியிலிருந்து யாரும் நுழையக் கூடாத பெட்டக அறை, ஆயுத அறை போன்றவற்றுக்கு இது சரி. ஆனால் அங்கேயும் உள்பக்கம் கைப்பிடியை அழுத்தினால் சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்கணும். வெளியே போகும் பாதையில் உள்ள கதவு, சாவியோ கார்டோ ரகசிய எண்ணோ கேட்காமல் உள்ளிருந்து திறக்கணும், ஒரே அசைவில் திறக்கணும். இது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 4-ஆம் பகுதி சொல்லும் அடிப்படைகளில் ஒன்று. நிறைய பேர் இருக்கும் இடத்தில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும் என்பதும் அதில் உண்டு. கூட்டம் நெருக்கும்போது உள்பக்கம் இழுக்கிற கதவை யாராலும் திறக்க முடியாது.

"அப்போ திருடன் சிவப்புப் பெட்டியை உடைச்சா எல்லா கதவும் திறந்துடுமே?" நல்ல கேள்வி. பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரிக்கை அமைப்பின் மேல் அவநம்பிக்கை கொள்வதும், ரகசியமாக அந்த வயரைக் கழற்றிவிடுவதும் இதனால்தான். இதற்கு நல்ல தீர்வுகள் இருக்கின்றன. கதவு திறந்தாலும் மக்கள் போய்ச் சேரும் இடம் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் திறந்தவெளி முற்றமாக இருக்கலாம். வெளி கேட்டில் காவலர் நிற்கலாம். பெட்டியை அழுத்தியவரைக் கேமரா பார்க்கலாம். சில இடங்களில் இரண்டு கட்ட எச்சரிக்கை வைப்பார்கள். முதல் டிடெக்டர் எழுந்ததும் காவலர் அறையில் மட்டும் மணி அடிக்கும். ஒருவர் போய்ப் பார்க்கச் சில நிமிடம் அவகாசம். இரண்டாவது டிடெக்டரும் எழுந்தாலோ, அவகாசத்துக்குள் யாரும் பதில் தராவிட்டாலோ, பேனல் யாரையும் கேட்காது, கட்டடம் முழுக்க அலறும்.

சிறைச்சாலை மட்டும் வேறு கணக்கு. அங்கே கதவு தானாகத் திறக்காது, காவலர்தான் திறக்கணும். ஆகவே அங்கே எச்சரிக்கை அமைப்பின் பாதி மனிதர்கள். இரவுப் பணியில் போதுமான ஆள், இருட்டிலும் புகையிலும் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய சாவிகள், இன்னொரு இடத்தில் ஒரு மாற்றுச் சாவிக்கொத்து, அடிக்கடி ஒத்திகை. 2012 பிப்ரவரியில் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் கோமயாகுவா சிறையில் தீப்பிடித்தபோது 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பூட்டிய அறைக்குள்ளேயே. சாவி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

சர்வர் அறை, பெட்டக அறைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தண்ணீருக்குப் பதில் வாயு பீய்ச்சித் தீயை அணைக்கும் அமைப்பு இருக்கலாம். அது கரியமில வாயுவாக இருந்தால், தீயை அடக்கத் தேவையான அளவு அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்தக் காற்றில் மனிதன் சில நிமிடம்கூடத் தாங்கமாட்டான். வாயு வருவதற்கு முன் தனியாக ஒரு மணியோ சைரனோ அடிக்கும். கதவுக்கு மேல் விளக்கு எரியும். பெரும்பாலும் அரை நிமிடம்தான் அவகாசம். பென் டிரைவையும் செருப்பையும் தேடாதீர்கள், வெளியே வாருங்கள், கதவைச் சாத்துங்கள். அறைத் துப்புரவுக்கு வருபவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். எல்லாருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு அவர்களைத்தான் விட்டுவிடுகிறோம்.

மணி அடித்தும் போதாத இடங்கள்

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். படம் ஓடிக்கொண்டே இருந்தது. தீ என்று பார்வையாளர்களுக்கு அறிவிப்பு வரவில்லை. பால்கனியின் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் எழுந்த புகை மேல் மாடிகளுக்கு ஏறி சுமார் 90 பேர் இறந்தார்கள். புகையைப் பார்த்து ஓடிவந்த பக்கத்துக் குடியிருப்பு மக்களைக் காவலாளிகள் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போது செய்திகளில் பரவலாக வந்தது. காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்தது "யாரையும் உள்ளே விடாதே" என்பது மட்டும். தீ என்றால் அந்த உத்தரவு மாறும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நம் பக்கத்திலேயே, 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் 50-க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் குழந்தைகள் 94 பேர். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் 6 பேர், அவர்களில் பலர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள். எச்சரிக்கை அமைப்பு சரியாக இணைக்கப்பட்ட கட்டடத்தில் மணி அடித்ததும் லிப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நின்றுவிடும். அது தெரியாவிட்டாலும், மணி அடிக்கும்போது லிப்ட் பட்டனில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் போனை எப்படிப் பயன்படுத்தலாம்?

தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்சுக்கு 108. இது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் "தீ" செயலியை அதிகம் பேருக்குத் தெரியாது. பெரும்பாலான போன்களில் பவர் பட்டனை வேகமாக அழுத்தினாலே அவசர அழைப்பு போகும். சிலவற்றில் 3 முறை, சிலவற்றில் 5 முறை. உங்கள் போன் செட்டிங்கில் இன்றைக்கே பார்த்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனிலும் செய்து கொடுங்கள்.

அடுத்த முறை வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போய் டோக்கனோடு காத்திருக்கும்போது, ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் சுற்றிப் பாருங்கள். இரண்டாவது வழி எங்கே? அந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறதா? முன்னால் பழைய நாற்காலி, பீரோ அடுக்கியிருக்கிறதா? பேனலில் மஞ்சளா? தீயணைப்பானில் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா? குறை இருந்தால் முதலில் அங்கேயே பொறுப்பாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பல நேரம் அதுவே போதும், ஒரு பீரோவை நகர்த்துவதில் யாருக்கும் கௌரவப் பிரச்சினை இல்லை. நடக்காவிட்டால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு மனு கொடுக்கலாம், மனுவோடு படத்தையும் சேர்க்கலாம். ஆனால் பெட்டக அறை, காவலர் அறை, கேமரா இருக்கும் இடம் இவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். குறையைச் சொல்லப் போய் திருடனுக்கு வழிகாட்டிவிடக் கூடாது.

கடை, விடுதி, மண்டபம் நடத்துபவராக இருந்தால் தீயணைப்பு உரிமத்துக்கும் தடையின்மைச் சான்றுக்கும் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். டிடெக்டர், தீயணைப்பான் வாங்கும்போது விலை மலிவு என்று ஏமாறாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிப்பது. அந்த வாரத்தில் உங்கள் பகுதி நிலையத்தில் கேட்டால் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்யலாம். ஒத்திகையில் மணியை மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள். மணி அடிக்கும்போது ஒவ்வொரு காந்தக் கதவையும் ஒருவர் தள்ளிப் பார்க்கணும். திறக்காத கதவு அன்றைக்குத்தான் தெரியும்.

நிஜமாகவே தீ என்றால், வெளியே வந்த பிறகு அழையுங்கள். பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க, எரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். வண்டியில் கிளம்புகிறவர்களுக்குத் தேவையானது வேறு. இப்படிச் சொல்லுங்கள்: "குளத்தூர் தாலுகா, நார்த்தாமலை. முத்துமாரியம்மன் கோயில் பக்கம், மாடிக் கட்டடம். முதல் மாடியில் புகை. உள்ளே நாலு பேர் இருக்காங்க. பின்பக்கக் கதவு பூட்டியிருக்கு, சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு, அவர் கேட்டில் நிற்கிறார். நான் மெயின் ரோட்டில் நின்று வழி காட்டுறேன்." எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள்.